கல்லாப்பெட்டிக்கு அருகே ஓர் இருக்கை

1948-ஆம் வருஷத்தில், பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் படிப்பை முடித்துக்கொண்டு வெளிவந்த ஹரோல்ட் பிரின்ஸ் என்னும் இருபது வயது இளைஞர், நியூயார்க் நாடக உலகின் பீஷ்மராக அப்போது விளங்கிய ஜார்ஜ் அப்பட்டின் காரியாலயத்தை அணுகி, தமக்குச் சம்பளம் வேண்டாம், வேலை பழக ஓர் இடம் கொடுத்தால் போதும் என்று கேட்டு உள்ளே நுழைந்தார். சில்லறை வேலைகளில் தொடங்கி, மேடை நிர்வாகியின் உதவியாளராக உயர்ந்து, நடுவே ராணுவ சேவைக்கும் போய்வந்து, 1954-ல் தமது இருபத்தாறாவது வயதில் ‘தி பஜாமா கேம்’ என்ற இசை நாடகத்தைக் கூட்டாளிகளோடு சேர்ந்து தாமே தயாரித்தார். பெரிய முதலாளி ஒருவரை நம்பியிராமல் சிறு சிறு தொகையாகப் பலரிடம் மூலதனம் திரட்டினார். செலவைக் குறைப்பதற்காக, தயாரிப்பாளர்களாகிய அவரும் ராபர்ட் கிரிஃபித்தும் அந்த நாடகத்தின் மேடை நிர்வாகத்தையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்கள். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யும் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’பும் பிற்பாடு அவர் கைவழியே மேடைக்கு வந்தன. ஆயுளின் முடிவில் அவரிடம் 21 டோனி விருதுகள் இருந்தன.

சம்பளமில்லாமல் ஆள் தேடும் எந்த நாடக ஸ்தாபனத்துக்கும் இது மிகவும் சௌகரியமான கதை. ஆனால் இதைச் சொல்லுகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கூடவே சேர்த்துச் சொன்னால்தான் நியாயமாகும். பிரின்ஸின் வளர்ப்புத் தந்தை பங்கு மார்க்கெட்டில் தரகராக இருந்தவர். ஆகவே சம்பளம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்தப் பையனுக்குக் குணத்தினால் மாத்திரம் வந்ததன்று, குடும்பத்தினாலும் வந்தது. மற்றது, அப்பட்டின் காரியாலயத்தில் சேர்ந்தவனைக் கதவுக்கு வெளியே உட்காரவைக்கவில்லை. நாடகம் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, ஒத்திகை ஒரு நாள் தள்ளிப்போனால் யார் தலையில் நஷ்டம் விழுகிறது என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இலவச வேலையும் நெடுநாள் நீடிக்கவில்லை.

நாடகத்தில் நடிக்கவும், எழுதவும், இயக்கவும் கற்றுத்தருகிற பள்ளிகள் உலகெங்கும் உண்டு. நாடகத்தை நடத்திவைக்கிற வித்தை, அதாவது மூலதனம் சேர்ப்பது, அரங்கு பிடிப்பது, உடன்படிக்கை எழுதுவது, விளம்பரம் செய்வது, சீட்டு விற்பது, நடிகனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சம்பளம் கொடுப்பது ஆகிய இத்தனையும் அடங்கிய வித்தை, பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்தே கற்கப்பட்டு வந்திருக்கிறது. இன்று இன்டர்ன்ஷிப் என்று வழங்கும் பயிற்சிப் பதவி அந்தப் பழைய ஏற்பாட்டின் புதிய உருவமேயாகும். அதைப்பற்றி எத்தனை அறிக்கைகள் வந்தாலும் என் அபிப்பிராயத்தில் கேட்கவேண்டியவை இரண்டே: அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார யாருக்கு வசதி இருக்கிறது? உட்கார்ந்தவருக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறார்களா?

புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சென்று ஆடும் சிறியதொரு குழுவை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். 400 ஆசனங்கள் கொண்ட அரங்கு. ஆசனம் ஒன்றுக்கு 20 பவுன். வந்தவர்கள் 220 பேர். வசூல் 4,400 பவுன். மேடையிலிருந்து பார்க்கிற நடிகருக்குப் பாதிக்கு மேல் நிறைந்த கூடம் கண்ணில் படுகிறது, கைதட்டலும் குறைவில்லை. நாடகம் முடிந்த பிறகு, சீட்டு விற்கும் ஜன்னலுக்குப் பின்னாலுள்ள சிறிய அறையில், அரங்கின் மானேஜரும் குழுவின் மானேஜரும் ஒரு காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். முதற்கண் சர்க்காரின் மதிப்புக்கூட்டு வரி: நூற்றுக்கு 20 வீதம் சீட்டு விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, 733 பவுன், கழிகிறது. மிச்சம் 3,667. வங்கி அட்டைக் கட்டணமும் சீட்டு விற்பனைக் கழிவுமாக நூற்றுக்கு ஐந்து என்று கொண்டால் 183 போக, 3,484. குழுவுக்கு எழுபது, அரங்குக்கு முப்பது என்பது உடன்படிக்கையானால் குழுவின் பங்கு 2,439. காரியம் முடிந்தது என்று எழுந்திருக்கும் சமயத்தில் அரங்கின் மானேஜர் இன்னொரு காகிதத்தை எடுத்து வைக்கிறார். அதற்குக் கான்ட்ரா என்று பெயர். சுவரொட்டி அச்சிட்ட செலவு, உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம், சாமான் இறக்க வந்த கூடுதல் ஆட்களின் கூலி எல்லாம் அதில் ஏறியிருக்கும். அது ஒரு 350. நாடகாசிரியரின் உரிமைத்தொகை நிகர வசூலில் நூற்றுக்கு எட்டு என்றால் 293. கடைசியில் குழுவின் கைக்கு வருவது 1,796 பவுன். நடிகர் சம்பளம், லாரி வாடகை, விடுதிச் செலவு, இன்ஷ்யூரன்ஸ் எல்லாம் இனிமேல்தான்.

இந்தக் காகிதத்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைக்கப்பட்ட இளைஞருக்கு, எந்த வரி பேரத்துக்கு உட்பட்டது, எது உட்படாதது என்பது புலப்பட்டுவிடும். சர்க்கார் வரியோடு வாதாட முடியாது. கான்ட்ராவுக்கோ உச்சவரம்பை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கலாம். பங்கு பிரிப்பதற்கு முன்னால் முதல் ஆயிரம் பவுன் குழுவுக்கே என்று ஒரு நிபந்தனை சேர்த்திருந்தால் அந்த இரவின் கதையே வேறாயிருந்திருக்கும். ஆறு மாதத்துக்கு முன்பு கையெழுத்தான உடன்படிக்கையின் மூன்றாவது பக்கத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டதன் விலை என்ன என்பதை வகுப்பறையில் விளக்கிக் கேட்பதும், இரவு பதினொரு மணிக்கு லாரிக்காரர் வெளியே காத்திருக்கும்போது நேரில் காண்பதும் ஒன்றாகா.

பெயர்பெற்ற நிர்வாகிகளின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்த அருகிருந்து கற்றலே திரும்பத் திரும்ப வருகிறது. லண்டனில் வாட்டர்லூ வட்டாரத்து ஏழைத் தொழிலாளர்களை மதுக்கடையிலிருந்து விலக்க எண்ணிய எம்மா கான்ஸ் என்ற அம்மையார், 1880-ல் அங்கிருந்த பழைய நாடகக் கொட்டகையொன்றை எடுத்துக் காப்பியும் சங்கீதமும் பரிமாறும் இடமாக மாற்றினார். தென்னாப்பிரிக்காவில் வசித்துக்கொண்டிருந்த அவருடைய சகோதரி மகள் லிலியன் பேலிஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரியம்மாவுக்கு ஒத்தாசையாக வந்து சேர்ந்தார். பெரியம்மா 1912-ல் காலமானதும் நிர்வாகம் முழுவதும் பேலிஸின் கைக்கு வந்தது. நாடகப் படிப்பு என்று எதையும் அவர் படித்ததில்லை. ஷேக்ஸ்பியரின் இலக்கிய நயங்களைப்பற்றி அவருக்குப் பெரிய ஞானம் இருந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. ஆனால் காசு எங்கே கசிகிறது என்பது அவருக்குத் தெரியும். மேடையின் ஓரத்தில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டே ஒத்திகையை மேற்பார்த்த அந்த அம்மையாரின் ஆட்சியில்தான், 1914 முதல் 1923 வரையில் ஃபர்ஸ்ட் ஃபோலியோ எனப்படும் ஷேக்ஸ்பியரின் முதல் தொகுதியிலுள்ள நாடகங்கள் அத்தனையும், ஓல்ட் விக் என்று பெயர்பெற்ற அந்தக் கொட்டகையின் மேடையில் ஏறின. 1931-ல் ஸாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கையும் புதுப்பித்துத் திறந்தார். பிரிட்டனின் ராயல் பாலேயும் தேசிய ஆபராவும் அவர் நட்ட வேரிலிருந்து கிளைத்தவை. தேசிய நாடக அரங்கும் 1963-ல் அவருடைய ஓல்ட் விக் கட்டடத்திலேயே தன் முதல் நாடகத்தை ஆடியது.

பேலிஸுக்குப் பெரியம்மா இருந்தார். கேமரன் மக்கிண்டாஷுக்கு அப்படி ஒருவரும் இல்லை. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேடைத் தொழிலாளியாகக் கூலிக்குச் சேர்ந்து, பிறகு ‘ஆலிவர்!’ நாடகத்தின் சுற்றுப்பயணத்தில் உதவி மேடை நிர்வாகியாக வேலை செய்தவர் அவர். ‘காட்ஸ்’, ‘லே மிஸெராப்ல’, ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபரா’ ஆகியவற்றை 1981-க்கும் 1986-க்கும் இடையில் தயாரித்து உலகமெங்கும் கொண்டுசென்றார். கூலி வாங்கிக்கொண்டு கற்றவரும் தயாரிப்பாளராகலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை.

கூலியும் சட்டமும்

அந்தக் கூலிதான் நம் காலத்தில் விவாதப் பொருளாயிற்று. லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் அறை வாடகையே ஒரு சாதாரணச் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும். அங்கே ஆறு மாதம் சம்பளமின்றிப் பயிற்சி என்று ஒரு ஸ்தாபனம் விளம்பரம் செய்யுமானால், கெட்டிக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, நகரத்தில் சொந்த வீடுள்ள பெற்றோரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது என்று பொருள். இன்று பயிற்சியாளராக நுழைகிறவர் பதினைந்து வருஷத்தில் எந்த நாடகம் மேடை ஏறலாம், எது ஏறக்கூடாது என்று தீர்மானிக்கும் ஆசனத்தில் இருப்பார். ஆகையால் நாற்காலியின் விலை பிற்பாடு மேடையிலும் தெரியவரும். கறுப்பினத்தவர் கதைகளும் தொழிலாளர் வீட்டுக் கதைகளும் ஏன் மேடைக்கு வருவதில்லை என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள், நாடகாசிரியர்களின் பெட்டியைக் குடைவதற்கு முன்னால் காரியாலயத்தின் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது உசிதம்.

பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1998-ல் நிறைவேறியது. வேலை வாங்கினால் கூலி கொடுக்கவேண்டும் என்பது விதி. ஆனால் படிப்பின் அங்கமாக ஒரு வருஷத்துக்குள் செய்யும் பயிற்சிக்கு விலக்கு உண்டு. தர்ம ஸ்தாபனங்களில் தொண்டராக வேலை செய்கிறவர்களுக்கும் விலக்கு உண்டு. மானியம் பெறும் நாடக அரங்குகளில் பெரும்பாலானவை தர்ம ஸ்தாபனங்களாகவே பதிவாகியிருக்கின்றன என்பதைக் கவனித்தால், இந்தச் சந்து வழியாக எத்தனை பேர் தொண்டர் என்ற நாமதேயத்தோடு முழுநேர வேலை பார்த்திருக்கக்கூடும் என்பதை ஊகிக்கலாம். 2011-ல் இங்கிலாந்தின் கலை மன்றமே, கலை ஸ்தாபனங்களில் பயிற்சியாளரை எப்படி நடத்தவேண்டும், எப்போது கூலி கொடுத்தே தீரவேண்டும் என்று வழிகாட்டி வெளியிட நேர்ந்தது. அமெரிக்காவிலோ விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. ‘பிளாக் ஸ்வான்’ திரைப்படத் தயாரிப்பில் சம்பளமின்றி வேலை செய்த பயிற்சியாளர்கள் 2011-ல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கணக்குப் பிரிவிலேயே இருந்தவர் என்பது ஒரு வேடிக்கை. 2013-ல் கீழ்க் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 2015-ல் மேல் கோர்ட்டு அதைத் தள்ளி, இந்த ஏற்பாட்டினால் முதன்மையான பயன் பயிற்சியாளருக்கா ஸ்தாபனத்துக்கா என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்றது. 2018-ல் தொழிலாளர் இலாகாவும் இந்த உரைகல்லையே ஏற்றுக்கொண்டது. நாடகத்துக்கும் இதுவே பிரமாணம்.

பயன் யாருக்கு என்ற கேள்வி சட்டப் புத்தகத்துக்கு வெளியிலும் நல்ல கேள்வி. ஜெராக்ஸ் எடுப்பது, பெயர்ப் பட்டியலைச் சரிபார்ப்பது, பிரமுகர்களுக்கு இலவச அனுமதிச் சீட்டைக் கவரில் போடுவது, சமூக வலைத்தளத்தில் ஒத்திகைப் படம் ஏற்றுவது ஆகிய இவற்றை ஒரு வாரம் செய்தால் வேலை பிடிபடும். இருபத்தாறு வாரம் செய்தால் ஸ்தாபனத்துக்கு ஒரு குமாஸ்தா மிச்சம். ஒத்தாசை செய்யவந்தவர் சில்லறை வேலையும் செய்யத்தான் வேண்டும். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அந்தக் கவர்களுக்குள் போகும் இலவசச் சீட்டு எத்தனை, அவை வசூலில் எவ்வளவு பள்ளம் விழச் செய்கின்றன என்று அவருக்கு யாராவது சொன்னார்களா என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

நல்ல ஏற்பாடுகளும் இல்லாமற்போகவில்லை. லண்டனில் ஸ்டேஜ் ஒன் என்ற தர்ம ஸ்தாபனம், வணிக நாடகத் துறையில் புதிதாய் நுழையும் தயாரிப்பாளர்களுக்கென்றே பயிற்சி வகுப்புகளும், உதவித்தொகையும், அனுபவமிக்க தயாரிப்பாளரின் காரியாலயத்தில் ஊதியத்தோடு கூடிய பயிற்சி இடங்களும் அளித்து வருகிறது. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையின் நாடகப் பள்ளியில் நிர்வாகம் பயிலும் மாணவர்கள், அப்பள்ளியோடு இணைந்த தொழில்முறை அரங்கிலேயே பொறுப்புகளை ஏற்று நடத்துகிறார்கள். கணக்குத் தப்பினால் உண்மையான பணம் நஷ்டமாகும். 2021-ல் டேவிட் கெஃபன் அளித்த 15 கோடி டாலர் நன்கொடையைக்கொண்டு அந்தப் பள்ளி மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதையே நிறுத்திவிட்டது. 15 கோடி டாலருக்கு எத்தனையோ கட்டடங்கள் எழுப்பிப் பெயர் பொறித்திருக்கலாம். பெயரும் பொறித்தார்கள், பள்ளி இப்போது அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது, என்றாலும் பணம் போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம்.

நம் ஊர்க் கணக்கு

தமிழ் நாடகத்துக்கு இந்தக் குருகுலம் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள், 1925-ல் தங்களுக்கென்றே ஒரு சபையை அமைத்துக்கொண்டபோது, மேடையில் பெயர் வாங்கியவர் ஷண்முகம் என்றாலும், மூத்தவராகிய சங்கரன் நிர்வாகத்தைத் தாங்கினார். பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் மானேஜர் என்றால் கொட்டகை பேசி முடிப்பவர், காண்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்குபவர், ஊர்வலமாய்ப் போகும் வண்டியில் நோட்டீஸ் போடச் செய்பவர், தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புவாரியாகச் சீட்டுக் கிழிப்பதைக் கண்காணிப்பவர், மழை பிடித்து வசூல் படுத்துவிட்ட ஊரில் ஐம்பது பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கடன் சொல்பவர். இவையெல்லாம் ஷண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யிலும், 1891-ல் சுகுண விலாஸ சபையை நிறுவி, பின்னர் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுக’ளிலும் விரவிக் கிடக்கின்றன. நடிப்புக்காக அந்நூல்களைப் புரட்டுகிற மாணவர்கள் நிர்வாகத்துக்காகவும் ஒருமுறை புரட்டலாம். அந்தக் கம்பெனிகளில் பிள்ளைகள் பட்ட அடியையும், பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்த வருஷக்கணக்கான உடன்படிக்கைகளையும், மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ராஜபார்ட்டிலிருந்து திரை இழுக்கத் தள்ளப்பட்டவர்களின் கதியையும் மறந்துவிட்டு அதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் தயாராயில்லை. ஆனால் சோறும் தங்குமிடமும் கம்பெனி பொறுப்பு என்ற ஒரு விதி அங்கே இருந்தது. சம்பளமில்லாப் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் இந்நாளைய ஸ்தாபனங்களில் அதுவும் இல்லை.

பிறகு சென்னையில் சபாக்களின் காலம் வந்தது. அங்கத்தினரிடம் சந்தா வாங்கி, மாதந்தோறும் ஒரு நாடகமோ கச்சேரியோ அளிக்கும் அந்த ஏற்பாட்டில், குழுவுக்குப் பேசிய தொகை கைக்கு வந்துவிடும். கூட்டம் வந்ததா என்ற கவலை சபாச் செயலாளருடையது. நஷ்ட பயம் நீங்கியதனால் ஏராளமான அமெச்சூர் குழுக்கள் தழைத்தன. அவற்றை நடத்தியவர்களில் பலர் பகலில் உத்தியோகம் பார்த்தவர்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். கணக்கு எழுதத் தெரிந்த கைகள் குழுவுக்குள்ளேயே இலவசமாகக் கிடைத்ததால், நிர்வாகி என்று தனியே ஒருவரை வளர்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. சபாக்களில் நாடகம் சுருங்கி, குழுக்கள் தாங்களே அரங்கெடுத்துச் சீட்டு விற்கவேண்டிய நிலைமை வந்தபோது, அந்த வித்தை தெரிந்தவர்கள் அருகிப்போயிருந்தார்கள். தமிழ் நாடகம் தேய்ந்ததற்கு சினிமாவையும் தொலைக்காட்சியையும் குற்றம் சொல்லுகிறவர்கள் இந்தக் காரணத்தையும் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி.

டில்லியில் 1959-ல் தோன்றிய தேசிய நாடகப் பள்ளி நடிகர்களையும் இயக்குநர்களையும் அரங்கக் கலைஞர்களையும் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியிருக்கிறது. தயாரிப்பாளரை உருவாக்குவது அதன் முதன்மை நோக்கமாக இருந்ததில்லை. பிற்காலத்தில் இந்தியா தியேட்டர் ஃபோரம் என்ற அமைப்பு, பெங்களூரின் கலை அறக்கட்டளையையும் ஜுனூன் ஸ்தாபனத்தையும் துணைக்கொண்டு, ஸ்மார்ட் என்ற பெயரில் நாடகக் குழுக்களுக்கு நிர்வாகப் பயிற்சி அளிக்க முற்பட்டது நல்ல தொடக்கம். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூரிலிருந்து 1985 முதல் வருஷந்தோறும் நாடகங்களோடு கிளம்பி ஊர் ஊராய்ச் சுற்றிவரும் நீநாசத்தின் திருகாட்ட, நிர்வாகம் கற்க விரும்புகிற ஒரு பிள்ளைக்கு நடமாடும் கல்லூரியாகவே தோன்றுகிறது. பஸ்ஸில் சாமான் ஏற்றுவது, உள்ளூர் அமைப்பாளரிடம் கணக்குத் தீர்ப்பது, மறுநாள் வேறோர் ஊரில் வேறொரு மேடையின் அளவுக்குத் திரையைச் சுருக்குவது எல்லாம் அங்கே தினசரி பாடம்.

சென்னை சபாக்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். மார்கழி சீசனில் அவை நடத்துகிற காரியம் சாமானியமானதன்று: ஒரே மாதத்தில் ஐம்பது அறுபது நிகழ்ச்சிகள், சீட்டு விற்பனை, ஸ்பான்ஸர் கம்பெனிகளோடு கடிதப் போக்குவரத்து, போலீஸ் அனுமதி, காண்டீன் குத்தகை, 500 ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு. இவ்வளவையும் வயதான செயலாளரும் பொருளாளரும் நினைவிலேயே வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுகிறபோது அந்த நினைவும் கூடவே வீட்டுக்குப் போய்விடும். சபாவுக்கு ஒருவராக, அக்டோபர் முதல் பிப்ரவரி வரையில், அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ் செலவுக்கும் போதுமான ஊதியத்தோடு ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ பொருளாளரின் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பான்ஸருக்கு எழுதும் கடிதத்தில் ஒன்றிரண்டை அவர்கள் கையாலேயே எழுதவிட்டு, சீசன் முடிந்து ஆடிட்டர் வரும் நாளில் அறைக்கு வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்டால் போதும். பின்மேடைப் பதாகையில் இடம்பெறத் துடிக்கும் கம்பெனிகளில் ஒன்றிடம் இந்த ஊதியத்தைக் கேட்டு வாங்குவது கடினமாயிராது.

இதற்கிடையில், இந்தத் துறைக்கு வர எண்ணுகிற பிள்ளைகள், பயிற்சிக்கு அழைக்கிற ஸ்தாபனத்திடம் தயங்காமல் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம்: போன வருஷம் இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார், வசூல் கணக்கு தீர்க்கும்போது நான் கூட இருக்கலாமா என்று. இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் சேர்வதைக்காட்டிலும், மயிலாப்பூரிலோ மதுரையிலோ நன்றாக நடக்கிற கல்யாண மண்டபம் ஒன்றின் மானேஜரிடம் முகூர்த்த மாதத்தில் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்வது மேல். வாடகை, முன்பணம், மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், நாற்காலிக்காரர் பாக்கி, நேரத்தில் வராத நாதஸ்வரக் கோஷ்டி எல்லாவற்றுக்கும் அங்கே மறுநாள் காலை பத்து மணிக்குள் கண்ணெதிரே கணக்குத் தீர்க்கிறார்கள்.